வெப்பத்தாள், துணிப்பை, தறி: டிதரிங்குக்கு எந்தக் கருவி?

செவ்வாய்ப்பேட்டை அச்சகன்

அனைவருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். அழைப்பிதழும் துணிப்பையும் ரசீதுப் புத்தகமுமே அன்றாட வேலை. ஆறு மாதமாக, நிழற்படத்தைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக மாற்றும் டிதரிங்கைப் பழகி வருகிறேன். ஏற்காட்டில் காப்பிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், கடைக்கு வருகிறவர்களின் படத்தை ரசீது அடிக்கும் வெப்ப அச்சுப்பொறியிலேயே அடித்துக் கையில் கொடுக்க வேண்டும் என்றும், கடையின் துணிப்பையில் மலைக் காட்சி ஒன்று ஸ்கிரீன் பிரிண்டிங்கில் வர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்.

சோதனைக்கு ஒரே படத்தை எடுத்துக்கொண்டேன். ஏற்காட்டின் லேடிஸ் சீட் காட்சிமுனையில் விடியற்காலையில் எடுத்தது. முன்னால் சில்வர் ஓக் மரத்தின் கிளை ஒன்று கறுப்பாக நிற்கிறது. அதற்குப் பின்னால் மூடுபனி சிறிது சிறிதாக வெளுத்துக்கொண்டே போய் வானத்தோடு கலந்துவிடுகிறது. இதைப் படம் திருத்தும் மென்பொருளான கிம்ப், கட்டளை வரியில் படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக், பைத்தான் நிரல்மொழியின் படநூலகமான பில்லோ, நிரல் எழுதிப் படம் வரைய உதவும் பி5.ஜேஎஸ் ஆகிய நான்கிலும் போட்டுப் பார்த்தேன். பி5-இல் நானே எழுதிய நிரல். மற்ற மூன்றிலும் உள்ளேயே இருக்கும் வசதி. நான்கிலும் பிளாய்டு-ஸ்டைன்பர்க் முறையைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஆனால் நான்கு விடைகளும் நான்கு விதமாக இருக்கின்றன. கிளை எல்லாவற்றிலும் நன்றாகவே வருகிறது. பனிதான் ஒன்றில் புழு நெளிவது போலவும், ஒன்றில் சரிவான கோடுகளாகவும், என் நிரலில் திட்டுத்திட்டாகவும் வருகிறது. ஒரே முறை எப்படி நான்கு விதமாக வரும்? இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒரே கருவியாக எதைப் பிடித்துக்கொள்ளலாம்?

சேர்வராயன் மேகம்

அண்ணா, நான் ஏற்காட்டில் இருந்துதான் எழுதுகிறேன். சோதனைக்கு நீங்கள் எடுத்த படம் மிகவும் பொருத்தமானது. கூர்மையான விளிம்பை எந்த முறையும் சமாளித்துவிடும். மெதுவாக வெளுக்கும் பரப்பில்தான் ஒவ்வொரு முறையின் குறையும் வெளியே தெரியும்.

ராபர்ட் பிளாய்டும் லூயிஸ் ஸ்டைன்பர்க்கும் 1976-இல் வெளியிட்ட கணக்கு இதுதான். ஒரு பிக்சலின் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 128-க்குக் கீழே இருப்பதால் கறுப்பாக, அதாவது 0 ஆகிறது. அந்தப் பிக்சலுக்குச் சேர வேண்டிய 100 அளவு வெளிச்சம் இப்போது கணக்கில் விடுபட்டுப்போயிற்று. அந்தப் பிழையை அக்கம்பக்கத்துக்கு நிரவிவிடுகிறோம்: வலப்பக்கத்துக்கு 16-இல் 7 பங்கு, கீழே இடப்பக்கத்துக்கு 3, நேர் கீழே 5, கீழே வலப்பக்கத்துக்கு 1. வலப்பக்கத்துப் பிக்சலும் 100 என்றால், 43.75 சேர்ந்து அது 143.75 ஆகிறது, வரம்பைத் தாண்டியதால் வெள்ளையாகிறது, இப்போது பிழை 111.25 குறைவாக, எதிர்க்குறியோடு அடுத்ததற்குப் போகிறது. இப்படிக் கடனும் வரவுமாகக் கணக்கு படம் முழுவதும் நடக்கிறது. (இதனால்தான் எரர் டிஃப்யூஷனைப் பிழை நிரவல் என்று சொல்வதை நான் விரும்புகிறேன். பரவல் என்றால் தானாகப் பரவுவது. இது நாம் கணக்குப் பார்த்து நிரவுவது.)

பெயர் ஒன்றாக இருந்தும் விடை மாறுவதற்கு முதல் காரணம், கணக்கு எந்தத் திசையில் நடக்கிறது என்பது. பில்லோவில் ஒவ்வொரு வரிசையும் இடமிருந்து வலமாகவே ஓடுகிறது. அதனால் பிழை எப்போதும் வலப்பக்கம் கீழ்நோக்கியே தள்ளப்பட்டு, பனி போன்ற இடங்களில் சரிவான கோடுகள் தெரிகின்றன. இமேஜ்மேஜிக் ஒரு வரிசையை இடமிருந்து வலமாகவும், அடுத்ததை வலமிருந்து இடமாகவும் நடத்துகிறது. அதனால் சரிவு மறைகிறது, ஆனால் நெளிவு முற்றிலும் போவதில்லை. கிம்பில் இன்டெக்ஸ்டு முறைக்கு (குறிப்பிட்ட சில நிறங்களை மட்டும் வைத்திருக்கும் முறை) மாற்றும்போது பிளாய்டு-ஸ்டைன்பர்க் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று இயல்பானது, மற்றது நிறக்கசிவைக் குறைத்தது. எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிரலில் வரும் திட்டுகளுக்குக் காரணம் வேறாக இருக்க வேண்டும். நிரலின் நடுப்பகுதியை எழுதிக் காட்டினால் சொல்ல முடியும்.

நான்குரோடு

அண்ணா, இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை என்பது என் கருத்து. இமேஜ்மேஜிக்கில் ஒரே வரிக் கட்டளையில் நூறு படங்களை மாற்றிவிடலாம். பிழை நிரவல் பிடிக்கவில்லையென்றால் ஆர்டர்டு-டிதர் என்று கொடுத்து 8-க்கு 8 பேயர் அணியை (ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு வரம்பு எண் எழுதிய கட்டம்) சொல்லுங்கள், வேலை முடிந்தது. நிரல் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை அச்சகன்

தம்பி, 8-க்கு 8 அணியையும் போட்டுப் பார்த்தேன். பனி முழுவதும் கொசுவலை போர்த்தியது போல் ஆகிவிட்டது. திரையில் அது ஒரு அழகுதான். ஆனால் கைப்பேசியில் படம் பிடித்து நண்பருக்கு அனுப்பியபோது, வலைக்கு மேல் இன்னொரு வலை போல அலையலையாகத் தெரிந்தது. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்த ரசீதைப் படம் பிடிக்கத்தான் போகிறார்கள்.

மேகம் கேட்ட நிரலைப் பற்றிச் சொல்கிறேன். படத்தை ஏற்றி, பிக்சல் பட்டியலை எடுத்து, பிழையை அந்தப் பட்டியலிலேயே நேராகக் கூட்டிக்கொண்டு போகிறேன். வீட்டுக் கணினியில் ஏதோ ஒரு விதமாக வந்தது. மகளின் புதிய மடிக்கணினியில் ஓட்டியபோது, படத்தின் மேல்புறக் கால்பங்கு மட்டும் மாறி, மற்ற இடமெல்லாம் மாறாமல் அப்படியே நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதிலேயே போயிற்று.

கருப்புவெள்ளை

நான் கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன், அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். அச்சகத்து நண்பரின் நிரலில் இரண்டு தனித்தனிப் பிழைகள் இருக்கின்றன. இரண்டையும் நானும் செய்திருக்கிறேன்.

முதலாவது, திரையின் அடர்த்தி. புதிய மடிக்கணினிகளில் ஒரு பிக்சல் என்று நாம் நினைப்பது உண்மையில் நான்காக இருக்கும். பி5.ஜேஎஸ் அந்த நான்கையும் பட்டியலில் வைத்திருக்கிறது. அகலம் 400 என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போட்டால், பட்டியலில் கால்பங்கைத்தான் தொட்டிருப்போம். தொடக்கத்திலேயே பிக்சல் டென்சிட்டியை 1 என்று அமைத்துவிட்டால் இது தீரும்.

இரண்டாவது, திட்டுகளுக்குக் காரணமானது. அந்தப் பட்டியல் 0 முதல் 255 வரையுள்ள முழு எண்களை மட்டுமே ஏற்கும். மேகம் காட்டிய கணக்கில் 111.25 எதிர்க்குறியோடு போகிறது அல்லவா? அதைப் பட்டியலில் நேராகக் கூட்டும்போது, கூட்டுத்தொகை பூச்சியத்துக்குக் கீழே போனால் அது பூச்சியமாகவே வெட்டப்படுகிறது. அந்தக் கடன் யாருக்கும் போய்ச் சேராமல் மறைந்துவிடுகிறது. படத்தின் ஒளியளவுகளைத் தசம எண்கள் ஏற்கும் தனிப் பட்டியல் ஒன்றுக்கு மாற்றி, கணக்கு முழுவதையும் அங்கே நடத்தி, முடிந்த பிறகு விடையை மட்டும் திரைக்குக் கொண்டுவர வேண்டும். பைத்தானில் எண் பட்டியல்களுக்கான நம்பை நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதே தவறு இன்னும் மோசமாக வரும். 8 பிட் எண்களில் 260 என்பது வெட்டப்படாமல் சுற்றிக்கொண்டு 4 ஆகிவிடும், வெள்ளை மேகத்தில் மிளகு தூவியது போல் கறுப்பு விழும்.

கருவியை ஒப்பிடும்போது யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோப்பில் 128 என்று எழுதியிருந்தால் அது பாதி வெளிச்சம் அன்று. படக் கோப்புகள் வழக்கமாகப் பின்பற்றும் எஸ்ஆர்ஜிபி முறையில் 128 என்பது உண்மையான ஒளியில் ஏறத்தாழ 22 விழுக்காடுதான். பாதி ஒளி 188-இல் கிடைக்கிறது. ஆகவே 188 அளவுள்ள பனியை அப்படியே 255-ஆல் வகுத்து டிதர் செய்தால் நூற்றுக்கு 74 புள்ளிகள் வெள்ளையாகும். முறையாக ஒளியளவுக்கு மாற்றிச் செய்தால் 50 மட்டுமே வெள்ளையாகும். பில்லோ இந்த மாற்றத்தைச் செய்வதில்லை. டிடர் என்று கட்டளை வரியில் இயங்கும் சிறு கருவி ஒன்று உண்டு, அது செய்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்று வெளுத்தும் மற்றது அழுத்தமாகவும் தெரியும். நான்கு விடைகளும் வேறுபட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

செவ்வாய்ப்பேட்டை அச்சகன்

ஐயாவுக்கு மிக்க நன்றி. தசமப் பட்டியலுக்கு மாற்றிய அன்றே திட்டுகள் போய்விட்டன. ஆனால் ஒளியளவு விஷயத்தில் எனக்குத் தலைகீழான அனுபவம் கிடைத்தது. நீங்கள் சொன்னபடி முறையாக மாற்றிச் செய்த படம் திரையில் மிகச் சரியாக இருந்தது. வெப்பத்தாளில் அடித்தபோது மழைக்கால மாலை போல் இருண்டுவிட்டது. மாற்றாமல் செய்ததோ, திரையில் வெளுத்திருந்தாலும் தாளில் சரியாக வந்தது. அப்படியானால் தவறாகச் செய்வதே சரியா?

சேர்வராயன் மேகம்

அண்ணா, இரண்டு தவறுகள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டன, அவ்வளவுதான். 58 மில்லிமீட்டர் தாள் போடும் சாதாரண ரசீது அச்சுப்பொறியில் ஒரு வரிக்கு 384 புள்ளிகள், ஒரு மில்லிமீட்டருக்கு 8. சூடேறிய புள்ளியின் வெப்பம் அதன் கட்டத்துக்குள்ளேயே நிற்பதில்லை. சற்று வெளியே கசிந்து பக்கத்துத் தாளையும் கறுக்க வைக்கிறது. ஆகவே நூற்றுக்கு 50 கறுப்புப் புள்ளி அடித்தால் தாளில் ஐம்பதைவிட அதிகமாகவே கறுக்கும். எவ்வளவு அதிகம் என்பது அச்சுப்பொறிக்கு அச்சுப்பொறி மாறும். 10, 20, 30 என்று படிப்படியான சாம்பல் பட்டைகளை அடித்துப் பார்த்து, உங்கள் பொறிக்கு ஏற்ற வளைவைக் கண்டுபிடித்து, ஒளியளவுக் கணக்கோடு அதையும் சேர்த்துவிடுங்கள்.

வெப்பத்தாளுக்கு என் முதல் தேர்வு அட்கின்சன் முறை. மக்கின்டாஷ் கணினிக்காக பில் அட்கின்சன் உருவாக்கியது. பிழையை ஆறு அண்டைப் பிக்சல்களுக்கு எட்டில் ஒரு பங்கு வீதம் கொடுத்துவிட்டு, மிச்சமுள்ள கால்பங்கை வேண்டுமென்றே கைவிட்டுவிடுகிறது. கணக்குப்படி அது குறைதான். ஆனால் அதனால் மிக வெளிர்ந்த இடங்கள் தூய வெள்ளையாகவும், மிக இருண்ட இடங்கள் முழுக் கறுப்பாகவும் தெளிகின்றன. முகங்களுக்கு அது பொருந்தும். உங்கள் பனி கொஞ்சம் காணாமல் போகும், அதற்கு வருந்த வேண்டாம். ரசீதில் வரப்போவது முகம்தானே. பில்லோவில் அட்கின்சன் இல்லை, நீங்களே எழுத வேண்டும். பிழை நிரவல் எழுதத் தெரிந்தவருக்கு அது ஆறு வரி.

நான்குரோடு

சரி, ரசீதுக்கு நிரல் எழுதுவது நியாயம் என்று ஒப்புக்கொள்கிறேன். துணிப்பைக்கு?

செவ்வாய்ப்பேட்டை அச்சகன்

துணிப்பையைப் பற்றி நானே சொல்லலாம், அது என் தொழில். பிழை நிரவலில் வந்த படத்தை ஸ்கிரீனில் ஏற்றினேன். படம் எடுத்துக் கழுவும்போதே, தனித்தனியாக நின்ற சிறு புள்ளிகளில் பாதி நீரோடு போய்விட்டன. மிச்சம் இருந்தவற்றில் மை அடைத்துக்கொண்டது. வலையின் இழையைவிடச் சிறிய புள்ளி எதன்மேல் பிடித்து நிற்கும்? துணிக்குப் பழைய ஹாஃப்டோன்தான் சரி. அதில் புள்ளிகளின் எண்ணிக்கை மாறாது, அளவுதான் மாறும். அதனால் ஒவ்வொரு புள்ளியும் வலையில் பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். அங்குலத்துக்கு 45 வரி வைத்தால், வலை அதைப்போல் நாலைந்து மடங்கு, அதாவது 180 முதல் 225 இழை வரை இருக்க வேண்டும் என்பது நாங்கள் பின்பற்றும் கணக்கு. இதற்கு நான்குரோடு தம்பி சொன்ன இமேஜ்மேஜிக்கே போதும். சாய்வான ஹாஃப்டோன் அணிகள் அதிலேயே இருக்கின்றன.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. டிதர் செய்த படத்தை பிஎன்ஜி ஆகவே வைத்திருங்கள். ஒரு முறை அவசரத்தில் கைப்பேசிச் செயலி வழியாகப் படமாக அனுப்பிவிட்டேன்; அது ஜேபெக் ஆகச் சுருங்கி, கறுப்பும் வெள்ளையும் மட்டும் இருந்த இடத்தில் சாம்பல் தூசு படிந்து, 200 பைகள் அழுக்குத் துணி போல் வந்தன. அளவு மாற்றுவதையும் டிதருக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

பொன்னம்மாபேட்டைத் தறி

வணக்கம். இந்த உரையாடலைச் சில நாள்களாகப் படித்து வருகிறேன். எங்கள் வீட்டில் பட்டுத் தறி இருக்கிறது. பாவு நூல்களை அட்டை வழியாகத் தேர்ந்து தூக்கி உருவம் நெய்யும் ஜக்கார்டு பொறிக்கு டிசைன் போடுவது என் வேலை. நீங்கள் பேசுகிற கறுப்பும் வெள்ளையும் எங்களுக்கு அட்டையில் ஓட்டை இருப்பதும் இல்லாததும். ஓட்டை இருந்தால் கொக்கி பாவு நூலை, அதாவது நெடுக்கு நூலை, தூக்கும்; இல்லையென்றால் தூக்காது. ஜக்கார்டு என்பவர் 1804-இல் இந்தப் பொறியைக் கொண்டுவந்தார். 1839-இல் அவருடைய உருவத்தையே 24,000 அட்டைகள் வைத்துப் பட்டில் நெய்திருக்கிறார்கள். ஆகவே இரண்டே நிறத்தில் முகம் காட்டுவது கணினிக்கு முன்பே நடந்த வேலைதான்.

எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 240 கொக்கிப் பெட்டியில் மூன்றங்குலச் சதுரமாக ஒரு மலைக் காட்சி வேண்டும். அங்குலத்துக்குப் பாவு 80, குறுக்கே ஓடும் ஊடை 60. எனவே படம் 240-க்கு 180 கட்டம். பிழை நிரவலிலும் போட்டேன், பேயரிலும் போட்டேன். வானம் வெளிறிய இடத்தில் இரண்டுமே உதவவில்லை. ஊடை நூல் எங்கேயும் கட்டுப்படாமல் முப்பது நாற்பது பாவுக்கு மேல் ஓடுகிறது. அப்படி ஓடுகிற நூல் வளையலில் மாட்டும், மெட்டியில் மாட்டும். ஒரே நாளில் இழுபட்டுவிடும். திரையில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது துணி ஆகாது. இதை உணர்ந்து வேலை செய்யும் கருவி ஏதாவது இருக்கிறதா?

கருப்புவெள்ளை

அருமையான கேள்வி அம்மா. பேயர் ஏன் உதவவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிரைஸ் பேயரின் அணி 1973-இல் வந்தது; புள்ளிகளை ஒன்றிலிருந்து ஒன்று முடிந்தவரை தள்ளிவைப்பதே அதன் நோக்கம். 8-க்கு 8 அணியில் மிக வெளிர்ந்த நிலையில் 64 கட்டத்துக்கு ஒரே ஒரு புள்ளி. அப்படியானால் எட்டு வரிசைகளில் ஏழில் புள்ளியே இல்லை. அந்த ஏழு ஊடைகளும் வானத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை கட்டில்லாமல்தான் ஓடும். பிழை நிரவலிலோ அடுத்த புள்ளி எங்கே விழும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது.

சேர்வராயன் மேகம்

சகோதரி, சாட்டின் நெசவில் புள்ளியை எப்படி அடுக்குவீர்கள் என்று சொல்ல முடியுமா? விடை அங்கேதான் இருக்கும் என்று தோன்றுகிறது.

பொன்னம்மாபேட்டைத் தறி

எட்டு இழைச் சாட்டினில், ஒவ்வொரு ஊடையிலும் எட்டுப் பாவுக்கு ஒரு கட்டு, அதாவது பாவு மேலே வந்து ஊடையைப் பிடிக்கும் இடம், இருக்கும். அடுத்த ஊடையில் அந்தக் கட்டை மூன்று பாவு தள்ளிப் போடுவோம். நிழல் வேண்டுமென்றால், அந்தக் கட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, பிறகு இன்னொன்று என்று சேர்த்துக்கொண்டே போவோம்.

சேர்வராயன் மேகம்

அப்படியானால் நீங்கள் தேடும் அணியை நீங்களே சொல்லிவிட்டீர்கள். முதல் வரிசையில் 0 முதல் 7 வரை எழுதுங்கள். அடுத்த வரிசையில் அதையே மூன்று கட்டம் தள்ளி எழுதுங்கள். இப்படி எட்டு வரிசை. படத்தின் ஒளியளவை 1 முதல் 7 வரை ஏழு நிலைகளாக மட்டும் மாற்றி, அணியின் எண் அந்த நிலையைவிடக் குறைவாக இருந்தால் பாவைத் தூக்க வேண்டும். நிலை 0-வும் 8-உம் கூடவே கூடாது. இப்போது 0 எழுதிய இடத்தில் பாவு எப்போதும் தூக்கப்படும், 7 எழுதிய இடத்தில் எப்போதும் தூக்கப்படாது. வரிசையில் எட்டுக்கு ஒரு 0, ஒரு 7. மூன்றுக்கும் எட்டுக்கும் பொதுக் காரணி இல்லாததால் நெடுக்கிலும் எட்டுக்கு ஒரு 0, ஒரு 7. படத்தில் எது இருந்தாலும் எந்த நூலும் ஏழுக்கு மேல் கட்டில்லாமல் ஓட முடியாது.

ஏழு நிலை போதாமல் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிந்தால், ஏழு நிலைகளுக்கு மாற்றும்போது மட்டும் பிழை நிரவலைப் பயன்படுத்துங்கள். கட்டுக்கு எந்தக் கெடுதலும் வராது. நான் அறிந்தவரை இமேஜ்மேஜிக்கில் உங்கள் சொந்த அணியை ஒரு கோப்பாக எழுதிக் கொடுக்கலாம், ஆனால் இந்த இரண்டு படிகளையும் சேர்ப்பதற்கு பி5.ஜேஎஸ்-க்கு மூலமான பிராசஸிங்கோ பைத்தானோ எளிது. கிம்பில் பேயர், நீல இரைச்சல் என்று ஆயத்தமான முறைகள் இருக்கின்றன. அணிக்குள் கைவைக்க வழியில்லை. பார்த்துத் தீர்மானிக்கக் கிம்ப், கூட்டமாக மாற்ற இமேஜ்மேஜிக், அணியையே மாற்ற வேண்டுமென்றால் சொந்த நிரல் என்பது என் பழக்கம்.

நிரலை இன்றிரவு எழுதி 240-க்கு 180 அளவில் படத்தை இங்கே இடுகிறேன்.

பொன்னம்மாபேட்டைத் தறி

அண்ணா, எழுதுவதற்கு முன் ஒன்று. 240-ஐ எட்டால் வகுத்தால் 30, மீதமில்லை. 180-ஐ வகுத்தால் நான்கு மீதம் வருகிறது. அட்டைச் சரம் முடிந்து மறுபடி முதல் அட்டைக்கு வரும்போது, அந்த இணைப்பில் உங்கள் 0-வும் 7-உம் இடம் மாறிவிடும். சில பாவுகள் எட்டுக்கும் மேல் கட்டில்லாமல் போகும். 184 அட்டையாக எழுதிவிடுங்கள். உயரம் நான்கு ஊடை அளவுதான் கூடும். நான்கு அட்டை கூடுதலாகக் குத்துவதில் எனக்குச் சிரமமில்லை.

சேர்வராயன் மேகம்

மன்னிக்கவும், அது எனக்குத் தோன்றவே இல்லை. 184 என்றே வைத்துக்கொள்கிறேன். அச்சகத்து அண்ணனின் லேடிஸ் சீட் படத்தையே எடுத்துக்கொள்ளலாமா?

செவ்வாய்ப்பேட்டை அச்சகன்

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். மூலப் படத்தைச் சுருக்காமல் கோப்பாகவே அனுப்புகிறேன்.